ஒன்றாம் வகுப்பில் சத்தம் எங்கிருந்து வருகிறது

என் வகுப்பறையில் 23 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் 7, இரண்டில் 9, மூன்றில் 7. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளி. நாலையும் ஐந்தையும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார், மற்ற மூன்றும் என் தலையில். 2004இல் வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து இதே வயதுப் பிள்ளைகள்தான், எனக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சர் போன் செய்தாள். "அக்கா, கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. ஒருத்தனும் உட்கார மாட்டேங்கிறான். நீங்க என்னதான் பண்றீங்க?" நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நோட்டு எப்படித் திருத்துற?"

"வரிசையில வரச் சொல்லித் திருத்துறேன்."

சரி, கணக்குப் போடுங்கள். ஒரு நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 23 நிமிடம். கடைசியில் நிற்பவனுக்கு 22 நிமிடம் வேலை இல்லை. கையில் ஒரு நோட்டு, கண்ணுக்கு நேராக ஒருவன் முதுகு. ஆறு வயதுப் பிள்ளை அந்த நோட்டால் அந்த முதுகில் ஒன்று போடாமல் இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். முதலில் திருத்தி வாங்கியவனுக்கும் இதே கதி. அவன் ஜன்னல் கம்பியில் ஏறியிருப்பான். எந்த நிமிடத்தை எடுத்தாலும் ஒரு பிள்ளைக்குத்தான் டீச்சர், 22 பிள்ளைகளுக்குக் காத்திருப்பு.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இது ஒன்றுதான். பாடம் நடக்கும்போது வரும் சேட்டை கொஞ்சம். எழுதி முடித்தபின், பென்சில் முனை உடைந்தபின், மணி அடித்தபின், நான் குனிந்து கைபேசியில் வருகைப்பதிவு போடும்போது என்று இடுக்குகளில் வருவதுதான் மிச்சமெல்லாம். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு நாள் ஒரு தாளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கிளம்பும் ஒவ்வொரு தடவையும், யார் சத்தம் போட்டது என்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். என் தாளைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபிறகு இந்த இடுக்கு இன்னும் அகலமாகத் தெரிந்தது. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் அரும்போடு உட்கார்ந்து 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் காட்டிக்கொண்டிருக்கும்போது மொட்டும் மலரும் என்ன செய்யும்? அதற்குப் பதில் தயாராக இல்லாமல் உள்ளே போனால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

நோட்டும் பென்சிலும்

வரிசையை முதலில் ஒழித்துக்கட்டுங்கள். பிள்ளைகளைப் பாயில் 'ப' வடிவத்தில் உட்கார வைத்து, சிவப்புப் பேனாவோடு நான்தான் அவர்களிடம் போகிறேன். கொஞ்ச நாளில் முட்டி வலிக்கும், அதற்கு ஒரு மனைப்பலகை வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து தூரத்தில் இருப்பவனிடம் முதலில் போவேன். பக்கத்தில் இருப்பவன் எப்படியும் கண்பார்வையில் இருக்கிறான்.

எழுதி முடித்தவர்களுக்கு 'முடிச்சாச்சு வேலை' என்று ஒன்று உண்டு. அதற்கு இரண்டே விதி. டீச்சரைக் கேட்காமல் எடுக்க முடிய வேண்டும். எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த முடிய வேண்டும். 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தபோது சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். கற்றல் அட்டைகளெல்லாம் போய்விட்டன, பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆளுக்கு ஒரு கட்டம் போட்டுப் பெயர் எழுதியிருக்கிறேன். முடித்தவன் போய்த் தன் கட்டத்தில் வரையலாம். இன்னொரு பக்கம் ஒரு டப்பா புளியங்கொட்டை வைத்திருந்தேன், பத்துப் பத்தாக அடுக்க. ஒரு நாள் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் அதில் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அதிலிருந்து சின்னதுகளுக்குத் தண்ணீர்பாட்டில் மூடிகள்தான். இது எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லப்படாத விஷயம், அதனால் சொல்கிறேன்: மூக்குக்குள் போகிற அளவில் எதையும் கொடுக்காதீர்கள்.

அடுத்து பென்சில். ஒருவனுக்கு முனை உடைந்தால் ஆறு பேர் குப்பைத்தொட்டியைச் சுற்றி நின்று சீவுவார்கள். ஊர் நியாயமெல்லாம் அங்கேதான் நடக்கும். இப்போது இரண்டு டப்பா வைத்திருக்கிறேன், ஒன்றில் சீவிய பென்சில், ஒன்றில் மொட்டைப் பென்சில். உடைந்ததைப் போடு, சீவியதை எடு, உட்கார். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். காலையில் மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் எல்லாவற்றையும் சீவி வைத்துவிடுவார்கள். பென்சில் என் காசுதான். தொண்டை வலிக்கு மாத்திரை வாங்கும் செலவைவிடக் குறைவு.

"டீச்சர், ஒண்ணுக்கு"

இது தொற்றுநோய். ஒருவன் எழுந்தால் ஒன்பது பேருக்கு வரும். வேலைக்கு வந்த புதிதில், "இப்பத்தானே போயிட்டு வந்த, உட்காரு" என்று ஒரு பிள்ளையை உட்கார வைத்தேன். அவன் பாயிலேயே போய்விட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. நாலாம் நாள் அவன் அம்மா கொண்டுவந்து விட்டபோது என் முகத்தை அவனும் பார்க்கவில்லை, அவன் முகத்தை நானும் பார்க்கவில்லை.

இப்போது வாசல் பக்கத்து ஆணியில் இரண்டு வளையல் தொங்குகிறது. போகிறவன் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவசரம் என்றால் வளையலும் வேண்டாம், ஓடு. முதல் வாரம் வளையல் மாட்டும் ஆசையிலேயே எல்லோரும் போவார்கள். கண்டுகொள்ளாதீர்கள், அடங்கிவிடும்.

குச்சியும் கரும்பலகையும்

ஆரம்ப வருடங்களில் என் மேசையில் வேப்பங்குச்சி இருந்தது. மறைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெற்றோரும் அப்படித்தான் விட்டுப்போவார்கள்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர்." கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு அடிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, மனத்தை நோகடிக்கவும் கூடாது என்கிறது. முட்டி போட வைப்பது, வெளியே நிறுத்துவது, "மக்கு" என்பது எல்லாம் அதில் வந்துவிடும். நான் குச்சியை விட்டது சட்டத்துக்குப் பயந்துதான். மனசு மாறியது அதற்கப்புறம், மெதுவாக. குச்சி இருந்த காலத்தில் நான் அறையில் இருக்கும்வரை அமைதி, வாசலைத் தாண்டினால் சந்தைக்கடை. குச்சி போனபின் முதல் ஒரு வருடம் உள்ளேயும் சந்தைக்கடை. அந்த வருடத்தைத் தாண்டுவதற்குத்தான் மேலே சொன்ன டப்பாவும் வளையலும்.

குச்சி போன இடத்தில் பல வகுப்புகளில் உட்கார்ந்திருப்பது லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். நாமெல்லோரும் எழுதியவர்கள்தான், அல்லது எழுதப்பட்டவர்கள். பெயருக்குப் பக்கத்தில் 'மிக அதிகம்', அப்புறம் 'மிக மிக அதிகம்'. என் வகுப்பில் ஒரு லீடர் பாதிக் கடலை மிட்டாய்க்குப் பெயரை அழித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஏழு வயதில் லஞ்சம் வாங்கக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

லீடருக்குப் பதிலாக என் வகுப்பில் 23 பிள்ளைக்கும் 23 வேலை. பாய் விரிப்பது, செருப்பு வரிசை, சாக்பீஸ், தண்ணீர்க் குடத்துக்கு மூடி, முட்டை எத்தனை பேருக்கு என்று எண்ணி சத்துணவுக் கூடத்தில் சொல்வது, ஜன்னல் கொக்கி. திங்கள்கிழமை மாறும். கால் நிற்காமல் துடிக்கிற பிள்ளைக்கு நடக்கிற வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாம் அசந்தால் மணி அடிப்பது பையன், பெருக்குவது பெண் பிள்ளை என்று தானாக ஆகிவிடும். அதைவிட மோசமான பங்கீடும் ஊரில் இருந்து உள்ளே வந்துவிடும். அதனால் அட்டவணையில் சுழற்சி பிசகவே கூடாது. கழிவறை சுத்தம் எந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை.

நட்சத்திரம் ஒட்டுவதும் செய்து பார்த்தேன். இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் "தண்ணி கொண்டுவந்தா எத்தனை ஸ்டாரு?" என்று பேரம் ஆரம்பித்தது, விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம்

முதல் இரண்டு வாரம் பாடத்தை நினைத்துப் பதறாதீர்கள். செருப்பு விடுவதையும் தட்டுக் கழுவுவதையும் வரிசையில் நடப்பதையும் பாடம் போலவே நடத்துங்கள். செய்து காட்டி, செய்ய வைத்து, தப்பானால் சிரித்துக்கொண்டே மறுபடி. "ஓடாதே" என்றால் அந்த வயதுக் காதில் 'ஓடு' மட்டும் விழுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். "நட" என்று சொல்லுங்கள். "சும்மா இரு" என்பதற்கு அர்த்தமே இல்லை. "பாய் ஓரத்துல உட்காரு, கை மடியில" என்றால் அவனுக்குச் செய்ய ஒன்று கிடைக்கிறது.

ஸ்டேச்சு விளையாட்டைத் தினமும் ஐந்து நிமிடம் ஆடுங்கள். சொன்ன நொடியில் அப்படியே நிற்க வேண்டும். அவர்களுக்கு விளையாட்டு, எனக்கு அது உடம்பை நிறுத்தும் பயிற்சி. ஆகஸ்டில் வகுப்பில் ரகளையாக இருக்கும்போது அந்த ஒரு சொல் கைகொடுக்கும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அப்படிப் பயன்படுத்தாதீர்கள், தேய்ந்துவிடும்.

சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு ஜெயித்த டீச்சர் யாரும் இல்லை. நான் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு விடுகதை சொல்வேன். "அடித்தாலும் அழமாட்டான், உதைத்தாலும் அழமாட்டான், யாரவன்?" அந்த இரண்டு பேரும் யோசிப்பதைப் பார்த்து மூன்றாமவன் "என்னது, என்னது" என்று வருவான். அவனுக்கு இன்னும் மெதுவாகச் சொல்வேன். அரை நிமிடத்தில் அறை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பந்து என்று எல்லோருக்கும் தெரிந்துபோனால் விடுகதையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சேட்டையா, காதா

இரண்டாம் வகுப்பில் ஒருவன். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான். பேச்செல்லாம் கத்தல். சொன்னதைச் செய்ய மாட்டான், அடுத்தவன் செய்வதைப் பார்த்துக் காப்பியடிப்பான். அடங்காப்பிடாரி என்று நானே முடிவுகட்டி, அவன் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. ஒரு மத்தியானம் அவன் காதருகே ஈ சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்தால் நாற்றம். காதில் சீழ். ஊருணியில் முங்கிக் குளிக்கிற பிள்ளை, எத்தனை நாளாக இருந்ததோ. அரசு மருத்துவமனையில் செவிப்பறையில் ஓட்டை என்றார்கள். அவன் பேச்சுக் கேட்காத பிள்ளைதான், ஆனால் நான் நினைத்த அர்த்தத்தில் இல்லை. பாதி வருடம் அவனை நான் திட்டியிருக்கிறேன். வைத்தியம் பார்த்து, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி முன்னால் உட்கார வைத்தபின் தள்ளுவது தானாகக் குறைந்தது. மற்றவர்களைத் தள்ளியது, "டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்பதற்காம்.

அதனால் ஒரு பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று சொல்வதற்கு முன்னால் நான் நாலு விஷயம் பார்க்கிறேன். காதுக்கு: அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று, "முட்டாய் வேணுமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். திரும்பாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கண்ணுக்கு: பலகைக்கு எழுந்து எழுந்து வருகிறானா, கண்ணைச் சுருக்குகிறானா? வயிற்றுக்கு: உட்கார்ந்த இடத்தில் நெளிகிற பிள்ளைக்குப் பூச்சித் தொல்லை இருக்கலாம், பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை அன்று லீவு போட்டவன் தவறவிட்டிருப்பான். தூக்கத்துக்கு: திருவிழா நடக்கும் வாரத்தில் யாரையும் குறைசொல்லாதீர்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் எல்லோரையும் வரிசையாகக் காட்டிவிட்டு உட்காராமல், உங்களுக்குச் சந்தேகம் உள்ள பிள்ளையைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். இதற்கெல்லாம் பிறகும் புரியவில்லையென்றால் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், கூப்பிடத் தயங்க வேண்டாம்.

பசியை ஐந்தாவதாகச் சேர்த்திருப்பேன். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானபோதுதான் எங்களுக்கு வந்தது. அதற்கு முன்னால் பதினொரு மணி வாக்கில் ஒரு சண்டை நிச்சயம் வரும். அது பசிச் சண்டை என்று வராமல் போனபிறகுதான் தெரிந்தது. பொங்கல் போடும் நாளில் மட்டும் முதல் பாடவேளையில் கதை சொல்லாதீர்கள். சொக்கிவிடுவார்கள்.

புகார்கள்

"டீச்சர், இவன் கிள்ளிட்டான்." "டீச்சர், இவ என் ரப்பரை எடுத்துட்டா." "டீச்சர், இவன் என்னைப் பார்க்கிறான்." ஒவ்வொன்றையும் விசாரித்தால் கோர்ட்டுதான் நடக்கும், வகுப்பு நடக்காது. சின்னப் புகாரை வராந்தாத் தூணிடம் சொல்லிவிட்டு வரச் சொல்வேன். போய் உண்மையாகவே சொல்வார்கள், கையை ஆட்டி ஆட்டி. திரும்பி வரும்போது பாதிக் கோபம் போயிருக்கும். "எனக்குப் பிடிக்கல, நிறுத்து" என்று கையை நீட்டிச் சொல்லவும் ஜூனிலேயே பழக்கிவிடுகிறேன்.

தூணிடம் அனுப்பக் கூடாத புகார்களும் உண்டு. ரத்தம், சாப்பாட்டைப் பிடுங்குவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டதாகச் சொல்வது. இவற்றுக்குக் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. சாதிச் சொல்லை ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடிப்பதில்லை, வீட்டிலிருந்து எடுத்து வருகிறது. பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தாமல், "அந்த வார்த்தை இந்த அறையில கிடையாது" என்று தனியாகச் சொல்லிவிட்டு, பெரியவர்களை அழைத்து அவர்களிடம்தான் முகத்தைக் கடுமையாக்குவேன்.

கோபத்தில் ஒரு பிள்ளை கடிக்கிறது, சிலேட்டை எறிகிறது என்றால் அந்த நேரத்தில் அறிவுரை வேண்டாம். மற்றவர்களைத் தள்ளி உட்கார வைத்து, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர். பேச்செல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்போதும் "ஏன்டா பண்ணின?" என்று கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது. "என்ன நடந்துச்சு?" என்றால் சொல்வான். "சாரி சொல்லு" என்று இழுத்துப் பிடிப்பதும் வீண். "அதான் சாரி சொல்லிட்டேன்ல" என்று அது ஒரு கேடயமாகிவிடும். உடைந்த சிலேட்டுச் சட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஆணி வைத்துச் சரிசெய்யட்டும்.

வீட்டில் சொல்வதற்கு முன்னால் யோசியுங்கள். ஒரு முறை ஒரு அப்பாவிடம் சாயங்காலம் வாசலில் வைத்துச் சொன்னேன். மறுநாள் பிள்ளையின் தொடையில் பெல்ட் தடம். குச்சியை நான் விட்டேன், வேறு கையில் கொடுத்திருக்கிறேன். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களைக் காலையிலேயே பிடித்து, முதலில் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி, "வீட்ல தூங்குறானா, தம்பிப் பாப்பா பிறந்ததிலிருந்து எப்படி இருக்கான்?" என்று கேட்பதோடு சரி.

சாயங்காலம் பையைக் கடைசியில்தான் தோளில் மாட்ட வேண்டும். பத்து நிமிடம் முன்னால் மாட்டவிட்டால் அது இன்னொரு 22 நிமிட வரிசை. அன்று அதிகம் திட்டு வாங்கிய பிள்ளைக்குப் பூட்டை இழுத்துப் பார்க்கும் வேலை. "பூட்டிடுச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

அந்த டீச்சர் பத்து நாள் கழித்து மறுபடி போன் செய்தாள். "வரிசையை எடுத்துட்டேன்க்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா பென்சில் டப்பாகிட்ட சண்டை போடுறாங்க."

"எத்தனை டப்பா வச்ச?"

"ஒண்ணுதான். அதுலயே சீவினது, சீவாதது எல்லாம் போட்டுட்டேன்."

"இன்னொரு டப்பா வை" என்றேன்.